ஸ்பீடு டெஸ்ட் பாஸ், வீடியோ கால் ஃபெயில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே புலம்பல்தான், ஆளுக்கொரு விதமாக. அதனால் பிரிண்டர், பாஸ்வேர்டு, பென்டிரைவ் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதையே எடுத்துக்கொள்கிறேன். கேட்டவர்களின் பெயர்களைப் போடவில்லை. பலர் இணைய கம்பெனியைத் திட்டியே எழுதியிருக்கிறார்கள்.

எங்கள் வீட்டில் 100 எம்பிபிஎஸ் இணைப்பு. ஸ்பீடு டெஸ்ட் எப்போது போட்டாலும் 95-க்குக் குறையாது. ஆனால் மகள் கல்லூரி வேலைக்காக ஒரு வீடியோவை அப்லோடு செய்ய ஆரம்பித்தால் போதும், மீட்டிங்கில் நான் பேசுவது மற்றவர்களுக்குத் துண்டு துண்டாகப் போகிறது. கம்பெனிக்குப் போன் செய்தால், "லைன் சரியாக இருக்கிறது மேடம்" என்கிறார்கள். இதில் யார் சொல்வது பொய்?

யாருமே பொய் சொல்லவில்லை, எரிச்சலே அதில்தான். லைனில் குறை இல்லை. உங்கள் மோடத்துக்குள் ஒரு நீண்ட வரிசை நிற்கிறது.

அந்த 100 என்பது டவுன்லோடு. அப்லோடு எவ்வளவு என்று உங்கள் பிளானில் பாருங்கள். பல இணைப்புகளில் அது மிகவும் குறைவு. 10 எம்பிபிஎஸ் என்று வைத்துக்கொள்வோம். மகளின் லேப்டாப்பிலிருந்து ரவுட்டர் வழியாக மோடம் வரை டேட்டா நூற்றுக்கணக்கான மெகாபிட் வேகத்தில் வந்து குவியும். அங்கிருந்து வெளியே போக வழி 10தான். மிச்சமெல்லாம் பஃபர் என்கிற நினைவகத்தில் காத்து நிற்கும். பஃபர் 1 மெகாபைட் என்றால் அது 8 மெகாபிட். 10 எம்பிபிஎஸ் வேகத்தில் அது காலியாக 0.8 விநாடி ஆகும். நீங்கள் மீட்டிங்கில் சொல்லும் "ஹலோ" சின்னஞ்சிறு பாக்கெட்தான், அதாவது டேட்டாவின் ஒரு துண்டு. ஆனால் கடைசியில் வந்ததால் வரிசையின் வாலில் நிற்கிறது, 0.8 விநாடி கழித்துத்தான் வீட்டைவிட்டே கிளம்பும். பேச்சுக்கு ஒரு வழித் தாமதம் 150 மில்லி விநாடிக்குள் இருந்தால் நல்லது, 400-ஐத் தாண்டக் கூடாது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை. உங்கள் குரல் வாசலைத் தாண்டுவதற்குள்ளேயே அந்த 400-ஐப் போல இரண்டு மடங்கு ஆகிவிடுகிறது.

நீங்களே பார்த்துவிடலாம். கணினியில் கறுப்புக் கமாண்டு ஜன்னலைத் திறந்து, எப்போதும் பதில் தரும் ஏதாவது ஒரு சர்வருக்கு பிங் (ஒரு பாக்கெட் போய்த் திரும்ப ஆகும் நேரத்தைக் காட்டும் கட்டளை) போட்டு ஓடவிடுங்கள். 18, 19, 18, 21 என்று மில்லி விநாடிகள் வரிசையாக இறங்கும். இப்போது மகளை அப்லோடு ஆரம்பிக்கச் சொல்லுங்கள். 160, 430, 790, 812, 805... அப்புறம் அங்கேயே உட்கார்ந்துகொள்ளும். அப்லோடை நிறுத்தினால் அடுத்த சில வரிகளிலேயே மறுபடி 18. எண்கள் வீட்டுக்கு வீடு மாறும், ஏறி இறங்கும் விதம் மாறாது. அப்படி வந்தால் இனி வேறு எதையும் சந்தேகப்பட வேண்டாம்.

வரிசை இவ்வளவு நீளுகிறது என்றால், அப்லோடு செய்யும் கணினிக்குத் தெரியாதா? அது வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டாமா?

நல்ல கேள்வி. குறைத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் அதற்குத் தகவல் போவதில்லை.

1986-இல் இணையம் ஒரு முறை கிட்டத்தட்ட நின்றே போனது. கலிஃபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பக்கத்திலேயே இருக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் நடுவே விநாடிக்கு 32,000 பிட் போய்க்கொண்டிருந்த இடத்தில் வெறும் 40 பிட் போனது. அதை ஆராய்ந்த வான் ஜேக்கப்சன் 1988-இல் ஒரு வழி சொன்னார்: அனுப்புகிறவர் கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தைக் கூட்டட்டும், வழியில் ஒரு பாக்கெட் தொலைந்தால், நெரிசல் என்று புரிந்துகொண்டு சட்டென்று குறைக்கட்டும். இணையத்தில் டேட்டா அனுப்பும் விதிமுறையான இன்றைய டிசிபியின் முதுகெலும்பு இதுதான்.

ஆக, பாக்கெட் தொலைவது ஒரு செய்தி. பஃபர் பெரிதாக இருந்தால் அது நிரம்பும்வரை எதுவும் தொலையாது, செய்தியும் போகாது. அனுப்புகிற கணினி, வழி காலியாகத்தான் இருக்கிறது என்று நினைத்து மேலும் மேலும் தள்ளும். பஃபர் நிரம்பிய பிறகு ஒன்று தொலையும், கொஞ்சம் குறையும், மறுபடி நிரம்பும். வரிசை கரையவே கரையாது.

இதற்கு பஃபர்ப்ளோட் என்று பெயர் வைத்தவர் ஜிம் கெட்டிஸ். பெல் லேப்ஸில் வேலை செய்தவர். வீட்டிலிருந்து அலுவலகத்துக்குப் பெரிய கோப்புகளை அனுப்பும்போது தன் இணைப்பு திணறுவதைப் பார்த்துத் தோண்ட ஆரம்பித்தார். 2011-இல் கேத்லீன் நிக்கோல்ஸுடன் சேர்ந்து அதை விரிவாக எழுதி வெளியிட்டார். கோளாறு ஒரு கம்பெனியின் பெட்டியில் மட்டும் இல்லை. மோடம், ரவுட்டர், இயங்குதளம், வைஃபை என்று பார்த்த இடமெல்லாம் இருந்தது.

ரவுட்டரை ஆஃப் செய்து ஆன் செய்தால் சரியாகிவிடுகிறதே?

ஆகும். ஆஃப் செய்தால் எல்லா இணைப்பும் அறுந்துபோகும். பின்னணியில் உங்கள் போன் சத்தமில்லாமல் ஏற்றிக்கொண்டிருந்த போட்டோ பேக்கப்பும் அதில் நின்றுவிடும். கொஞ்ச நேரம் கழித்து அது மறுபடி ஆரம்பிக்கும், நீங்கள் மறுபடி ரவுட்டரைத் திட்டுவீர்கள்.

200 எம்பிபிஎஸ் பிளானுக்கு மாறினால் தீருமா?

அப்லோடும் கூடினால் வலி குறையும். வரிசை சீக்கிரம் காலியாகும், பெரிய கோப்பும் சீக்கிரம் முடியும். டவுன்லோடு மட்டும் கூடினால் மேலே உள்ள மேடத்தின் கஷ்டம் அப்படியே இருக்கும். இன்னொன்று: ஃபைபரில் ஏறுவழியும் இறங்குவழியும் நல்ல வேகம் என்றால், நெரிசல் அங்கிருந்து கிளம்பி உங்கள் வைஃபைக்கு வந்துவிடும். கடைசி அறையில் சிக்னல் ஒரு கோடு காட்டும் இடத்தில் உண்மையான வேகம் சில மெகாபிட்தான். வரிசை அங்கே நிற்கும்.

மருந்து கண்டுபிடித்துப் பல வருஷமாகிவிட்டது என்று என் மகன் சொல்கிறான். அது உண்மையா? உண்மையென்றால் ஏன் எங்கள் வீட்டுக்கு மட்டும் வரவில்லை?

உங்கள் மகன் சொல்வது சரி. 2012-இல் நிக்கோல்ஸும் அதே ஜேக்கப்சனும் சேர்ந்து கோடெல் என்ற முறையை வெளியிட்டார்கள். வரிசை எவ்வளவு நீளம் என்று அது பார்ப்பதில்லை. ஒவ்வொரு பாக்கெட்டும் எவ்வளவு நேரம் காத்திருந்தது என்று பார்க்கிறது. காத்திருப்பு 100 மில்லி விநாடி முழுக்க 5 மில்லி விநாடிக்குக் கீழே இறங்கவே இல்லை என்றால் ஒரு பாக்கெட்டைக் கீழே போடும். அனுப்புகிறவருக்குச் செய்தி போய்விடும். எரிக் டுமாசே இதோடு இன்னொன்றைச் சேர்த்தார்: ஒவ்வொரு இணைப்புக்கும் தனி வரிசை. குரல் போன்ற மெல்லிய ஓட்டம் பெரிய கோப்பின் பின்னால் நிற்க வேண்டியதில்லை. எஃப்கியூ-கோடெல் என்ற இந்த நிரல் அதே 2012-இல் லினக்ஸ் இயங்குதளத்தின் 3.5 பதிப்பில் சேர்ந்தது. இலவசம். 2018-இல் ஆர்எஃப்சி (இணையப் பொறியாளர்களின் ஆவண வரிசை) 8290 என்று முறையான ஆவணமாகவும் வந்தது. அதே ஆண்டு கேக் என்ற அடுத்த பதிப்பும் லினக்ஸுக்குள் வந்தது. இந்த வேலைக்காகப் பத்து வருஷத்துக்கு மேல் ஊர் ஊராகப் பேசித் திரிந்த டேவ் டாட் 2025 ஏப்ரலில் காலமானார்.

சரி, ஏன் வரவில்லை? பல வருஷம் நெட்வொர்க் வேலையில் இருந்தவன் என்ற முறையில் என் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன். இதில் சதி எதுவும் இல்லை. பெட்டியை வாங்குகிறவர் ஒருவர், அவதிப்படுகிறவர் வேறொருவர். முக்கால்வாசி விஷயம் இதிலேயே முடிந்துவிடுகிறது.

உங்கள் வீட்டுச் சுவரில் மினுக்கும் பெட்டி எப்படி வந்தது என்று பாருங்கள். சிப் செய்கிற கம்பெனி, சிப்போடு சேர்த்து ஒரு மென்பொருள் மூட்டையும் தரும். அதில் இருக்கும் லினக்ஸ் பெரும்பாலும் பழசு. பெட்டி செய்கிற தொழிற்சாலை அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் கூட்டையும் ஒரு அமைப்புப் பக்கத்தையும் மாட்டும். இணைய கம்பெனி அதை லட்சக்கணக்கில் மொத்தமாக வாங்கித் தன் பெயரை ஒட்டும். பேரம் கடைசிக் காசு வரை நடக்கும். டெண்டரில் எத்தனை போர்ட், எந்தத் தலைமுறை வைஃபை, எவ்வளவு வேகம் என்று இருக்கும். "லைன் நிரம்பியிருக்கும்போது தாமதம் எவ்வளவு" என்ற வரி இல்லாவிட்டால், அதைச் செய்து கொடுக்க அந்த மூவரில் ஒருவருக்கும் காரணம் இல்லை. விற்று முடித்த பெட்டிக்குப் புது ஃபர்ம்வேர் (பெட்டிக்குள் ஓடும் மென்பொருள்) எழுதிக் கொடுத்தால் யாருக்கும் காசு வராது.

லினக்ஸ் புதிதாக இருந்தாலும் இன்னொரு சிக்கல் உண்டு. மலிவான பெட்டியின் செயலிக்கு 500 எம்பிபிஎஸ்ஸை ஒவ்வொரு பாக்கெட்டாகக் கையாளத் தெம்பு இல்லை. அதனால் சிப்பிலேயே ஒரு குறுக்குவழி வைத்திருப்பார்கள்; பாக்கெட்டுகள் லினக்ஸைத் தொடாமலே கடந்துபோகும். ஹார்டுவேர் ஆஃப்லோடு என்பார்கள். விளம்பர வேகம் அதில்தான் கிடைக்கிறது. எஃப்கியூ-கோடெல் உள்ளே இருந்தும், அதன் கண்ணில் எதுவும் படாது.

அப்புறம் அளவுகோல். ஸ்பீடு டெஸ்ட் நெடுங்காலம் என்ன செய்துவந்தது? முதலில் லைன் சும்மா இருக்கும்போது பிங் எடுக்கும், அழகான எண் வரும். பிறகுதான் லைனை நிரப்பி வேகத்தை எடுக்கும். நிரம்பியிருக்கும்போது பிங் என்ன ஆனது என்பதைக் காட்டவே இல்லை. ஆப்பிள் 2021-இல் மேக் கணினியில் இதற்கென ஒரு கட்டளையைச் சேர்த்தது. ஊக்லாவின் ஸ்பீடுடெஸ்ட் 2022-இல்தான் அந்த எண்ணைக் காட்டத் தொடங்கியது. இன்றும் பலர் பெரிய எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். கம்பெனிகளும் அதைத்தான் விளம்பரத்தில் போடுகின்றன.

பழைய ஏமாற்றம் ஒன்றும் உண்டு. 1993-லேயே சாலி ஃபிளாய்டும் ஜேக்கப்சனும், வரிசை நிரம்பும் முன்பே பாக்கெட்டைக் கீழே போடும் ரெட் என்ற முறையைக் கொண்டுவந்தார்கள். 1998-இல் ஆர்எஃப்சி 2309, இதை எல்லா ரவுட்டரிலும் போடுங்கள் என்று பரிந்துரைத்தது. ஆனால் ரெட்டுக்கு அளவுகளை இணைப்புக்கு இணைப்பு கையால் திருகி வைக்க வேண்டும். தப்பாக வைத்தால் இருந்ததும் கெடும். அதைத் தொட்டு அடிவாங்கிய பொறியாளர்கள், தானே பார்த்துக்கொள்ளும் கோடெல் வந்தபோதும் அதே சந்தேகத்தோடு பார்த்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

செய்யவே முடியாத காரியமும் இல்லை. பிரான்சில் ஃப்ரீ என்ற நிறுவனம் 2012-லேயே தன் பெட்டியில் எஃப்கியூ-கோடெலைப் போட்டது. கேபிள் மோடங்களுக்கான டாக்சிஸ் 3.1 விதிமுறையில், வரிசையைக் கட்டுக்குள் வைக்கும் பை என்ற முறை கட்டாயமாக்கப்பட்டது. தாளில் ஒரு வரி ஏறியதும் பெட்டிகள் மாறின.

நான் ஒரு இணைய நிறுவனத்தில் டெக்னீஷியன். பாக்கெட்டைக் கீழே போடச் சொல்கிறீர்கள். எங்கள் மேலதிகாரிகள் பாக்கெட் லாஸ் என்றாலே குதிக்கிறார்கள். வேண்டுமென்றே தொலைக்கும் பெட்டியை வாங்கச் சொல்லி எந்த முகத்தோடு கேட்பது?

உங்கள் சங்கடம் புரிகிறது. சாதனங்களைச் சோதிக்கப் பலரும் கையில் வைத்திருக்கும் ஆர்எஃப்சி 2544 (1999) என்ன சொல்கிறது? ஒரு ஃபிரேம்கூட (பாக்கெட் என்றே வைத்துக்கொள்ளுங்கள்) தொலையாமல் போகும் உச்ச வேகம்தான் அந்தச் சாதனத்தின் திறன். அந்தப் பரீட்சையில் பாஸாக எளிய வழி, பஃபரைப் பெரிதாக வைப்பது. நினைவகமோ மலிவு. பொறியாளர்கள் நல்லது செய்வதாக நினைத்தே இதைச் செய்தார்கள். ஆனால் காத்திருக்கும் அறையைப் பெரிதாகக் கட்டினால் டாக்டர் வேகமாகப் பார்த்துவிட மாட்டார்.

மேலதிகாரியிடம் கொள்கை பேசாதீர்கள். டிசிபிக்கு லாஸ் ஒரு செய்தி என்று விளக்க ஆரம்பித்தால் அவர் கவனம் போனுக்குப் போய்விடும். இரண்டு பெட்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள், ஒன்றில் எஃப்கியூ-கோடெலோடு. இரண்டிலும் பெரிய அப்லோடை ஓடவிட்டு, அவரையே வீடியோ காலில் பேச வையுங்கள். புகார் எண்ணிக்கையும் உங்கள் கையில்தானே இருக்கிறது? "ஸ்பீடு சரி, ஆனால் ஸ்லோ" என்று எத்தனை அழைப்புகள், அவற்றுக்காக எத்தனை முறை ஆள் போய் வெறுங்கையோடு திரும்பினார் என்று எடுத்துக் காட்டுங்கள். செலவுக் கணக்குதான் அங்கே காதில் விழும்.

இன்னொன்று: பாக்கெட்டைத் தொலைக்காமலும் செய்தி சொல்லலாம். இரு முனையிலும் இசிஎன் என்ற நெரிசல் அறிவிப்பு வசதி இருந்தால் கோடெல் பாக்கெட்டில் ஒரு குறி மட்டும் போட்டு அனுப்பும். குதிக்கிறவர்களுக்கு அதைச் சொல்லுங்கள்.

விளையாட்டுக்கென்று ஆன்டெனா நிறைய வைத்த ரவுட்டர் விற்கிறார்கள். வாங்கலாமா?

ஆன்டெனாவை எண்ணாதீர்கள். அமைப்புப் பக்கத்தில் எஸ்கியூஎம் (வரிசையை ஆளும் வசதி), எஃப்கியூ-கோடெல், கேக் என்ற பெயர்களில் ஒன்றாவது இருக்கிறதா என்று கேளுங்கள். வெறும் க்யூஓஎஸ் என்று எழுதி, எந்தக் கருவிக்கு முன்னுரிமை என்று மட்டும் கேட்டால் பணத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். வரிசை மோடத்தில் நிற்கும்போது ரவுட்டரில் யாரை முன்னால் விட்டு என்ன பயன்?

நாங்களே செய்துகொள்ள வழி உண்டா? எனக்கு டெக்னிக்கல் அறிவு சுமார்தான்.

உண்டு. ஓபன்டபிள்யூஆர்டி என்ற இலவச ஃபர்ம்வேர் ஏறும் ரவுட்டர் ஒன்றை மோடத்துக்குப் பின்னால் வையுங்கள். அதில் எஸ்கியூஎம் பகுதியைச் சேர்த்து, கேக்கைத் தேர்ந்தெடுங்கள். ஸ்பீடு டெஸ்டில் கிடைத்த டவுன்லோடு, அப்லோடு இரண்டிலும் 90 சதவீதத்தை அங்கே எழுதுங்கள். மெகாபிட் கணக்கில் அல்ல, கிலோபிட் கணக்கில் கேட்கும்; 10 எம்பிபிஎஸ்ஸில் 90 சதவீதம் என்றால் 9000. இதில் தடுக்கி விழுகிறவர்கள் ஏராளம்.

ஏன் 90? நெரிசல் கம்பெனியின் மோடத்தில் வராமல் உங்கள் ரவுட்டரில் வர வேண்டும். வரிசை உங்கள் வீட்டுக்கு இடம் மாறினால்தான் கேக் அதை ஆள முடியும். பத்து சதவீத வேகத்தை விட்டுக்கொடுக்கிறீர்கள் என்பது உண்மை. பிறகு அந்தக் கறுப்பு ஜன்னலில் பிங்கை ஓடவிட்டு அப்லோடு செய்து பாருங்கள். எண்கள் இருபதுகளில் கிடந்தால் வேலை முடிந்தது. இன்னும் ஏறினால் 85-க்கு இறக்குங்கள். முழு வேகமும் வேண்டும், தாமதமும் கூடாது என்று கேட்காதீர்கள். பழைய ரவுட்டர் என்றால் சில நூறு எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் அதன் செயலி தாங்காது.

டவுன்லோடு பக்கம் இவ்வளவு சுத்தமாக வராது. அந்த வரிசை நிற்பது கம்பெனியின் கருவியில். நீங்கள் இந்த முனையிலிருந்து கடிவாளம் போடுகிறீர்கள். ஆனாலும் கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம் இருக்கும்.

இவ்வளவு மெனக்கெட முடியாதவர்கள் மேகச் சேமிப்பு, பேக்கப் செயலிகளின் அமைப்புக்குள் போய், அப்லோடு வேகத்துக்கு வரம்பு வைக்கும் வசதி இருந்தால் பாதிக்கு வையுங்கள். வீடியோ காலுக்கு உட்காரும் கணினியை வைஃபையிலிருந்து கேபிளுக்கு மாற்றுங்கள். செலவு ஒரு கேபிள்தான்.

கம்பெனிக்குப் புகார் எழுதினால் "ஸ்பீடு டெஸ்ட் எடுத்து அனுப்புங்கள்" என்றே பதில் வருகிறது. எப்படித்தான் எழுதுவது?

"ஸ்லோ" என்ற சொல்லையே எழுதாதீர்கள். அதைப் பார்த்ததும் எதிரில் இருப்பவரின் திரையில் ஸ்பீடு டெஸ்ட் கேட்கும் பதில்தான் திறக்கும். அவருக்குக் கொடுத்திருப்பது அவ்வளவுதான். இப்படி எழுதிப் பாருங்கள்: "என் இணைப்பு சும்மா இருக்கும்போது பிங் 18 மில்லி விநாடி. அப்லோடு ஓடும்போது 800. மோடத்தோடு கேபிளில் நேராக இணைத்து எடுத்தது. இரண்டின் படமும் இணைத்துள்ளேன். வேகத்தில் எனக்குக் குறை இல்லை. இந்த மோடத்தில் வரிசை மேலாண்மை, அதாவது ஏக்யூஎம், இருக்கிறதா? இருந்தால் இயக்கித் தரவும். இல்லையென்றால் அது உள்ள மோடத்தைத் தரவும், அல்லது மோடத்தை பிரிட்ஜ் மோடுக்கு மாற்றித் தரவும்."

எண்கள் உங்களுடையதாக இருக்கட்டும். முதல் பதில் எப்படியும் அச்சடித்த பதிலாகத்தான் வரும். அதே கடிதத்தை மேல்மட்டத்துக்கு அனுப்பச் சொல்லிப் புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். மூன்று கோரிக்கையில் பிரிட்ஜ் மோடு (மோடம் ரவுட்டர் வேலையை விட்டு டேட்டாவை அப்படியே கடத்தும் நிலை) மட்டுமாவது கிடைக்க வாய்ப்பு அதிகம். அவர்களுக்கு அதில் செலவில்லை. அது கிடைத்தால் மேலே சொன்ன எஸ்கியூஎம் ரவுட்டரை அதன் பின்னால் மாட்டிக்கொள்ளலாம்.